புள்ளிகளை வரிசைப்படுத்தினால் பெயர்கள் ஏன் கூடவே வருவதில்லை?

கேள்வி: சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு சிறு விளையாட்டு எழுதியிருக்கிறேன். ஆடியவர்களின் பெயர்கள் ஓர் அணியிலும் (அர்ரே, அதாவது மதிப்புகளை வரிசையான அறைகளில் வைக்கும் அமைப்பு), அவர்கள் எடுத்த புள்ளிகள் இன்னோர் அணியிலும் இருக்கின்றன. புள்ளிகளை இறங்கு வரிசையில் அடுக்கினால் எண்கள் சரியாக அமைகின்றன. பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்துவது எப்படி?

பதில்:

உங்கள் நிரல் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பெயர் அணியின் மூன்றாவது அறையில் இருப்பவருக்கு உரியது புள்ளி அணியின் மூன்றாவது அறையில் இருக்கும் எண் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஓர் உறவு இருப்பதாக நிரலில் எந்த வரியும் கணினிக்குச் சொல்லவில்லை. ஆகவே புள்ளி அணியை அடுக்கு என்றதும் அது அந்த அணியை மட்டும் கலைத்து அடுக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை நான்கு பேரை வைத்தே பார்க்கலாம். கயல் 4200, அன்வர் 9100, செல்வி 650, ஜோசப் 9100 என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகளை மட்டும் அடுக்கினால் அந்த அணி 9100, 9100, 4200, 650 என்று மாறும். பெயர்கள் அசையாததால், திரையில் கயலுக்கு 9100, அன்வருக்கு 9100, செல்விக்கு 4200, ஜோசப்புக்கு 650 என்று தோன்றும். முதலிடத்தைப் பங்கிட வேண்டிய ஜோசப் கடைசிக்குப் போய்விட்டார். அன்வரின் எண் மட்டும் தற்செயலாகச் சரியாக வந்திருப்பதைக் கவனியுங்கள். சோதித்துப் பார்ப்பவர் அன்வரின் வரியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்துபோக இதுவே போதும். இந்தப் பிழை பல நிரல்களில் நீண்ட நாள் மறைந்து கிடப்பதற்குக் காரணம், எண்கள் அழகாக இறங்கு வரிசையில் நிற்பதும், பெயர்கள் எல்லாம் உண்மையான பெயர்களாகவே இருப்பதும்தான். பட்டியலைப் பார்த்தவுடன் எதுவும் கெட்டுப்போனதாகத் தோன்றாது.

பக்கத்துப் பக்கத்து மதிப்புகளை ஒப்பிட்டு இடம் மாற்றும் பப்பிள் சார்ட் போன்ற ஒரு முறையை நீங்களே கையால் எழுதியிருந்தால், மிகக் குறைந்த மாற்றத்தில் இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. இரண்டு புள்ளிகளை இடம் மாற்றும் அதே இடத்தில், அதே சுட்டெண்களை, அதாவது அறை எண்களைக் கொண்டு இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிடலாம். ஒப்பிடுவது புள்ளியை மட்டும். இடம் மாறுவது இரண்டும். பழைய பேசிக் மொழியில் விளையாட்டு எழுதியவர்கள் பலரும் இப்படித்தான் செய்தார்கள், ஏனென்றால் பெயரையும் எண்ணையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவைக்கும் வசதி அதன் ஆரம்பப் பதிப்புகளில் கிடையாது. சி ஷார்ப்பில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: அர்ரே வகுப்பின் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) இரண்டு அணிகளைக் கொடுத்தால், முதல் அணியை அடுக்கும்போது இரண்டாவது அணியையும் அதற்கேற்ப நகர்த்திக்கொடுக்கும்.

ஆனாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்று பெயரும் புள்ளியும். நாளை எந்த நிலை வரை போனார் என்பதும், எந்தத் தேதியில் ஆடினார் என்பதும் சேரும். அப்போது நான்கு அணிகளையும் ஒவ்வோர் இடத்திலும் சேர்த்து நகர்த்த வேண்டும், சேர்த்து நீக்க வேண்டும், சேர்த்துக் கோப்பில் எழுத வேண்டும். ஒரே ஓர் இடத்தில் ஓர் அணியை மறந்தாலும் ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் பெயரில் போய்விடும்.

சரியான தீர்வு, பெயரையும் புள்ளியையும் ஒரே பொருளாக ஆக்கிவிடுவது. சி பிளஸ் பிளஸில் ஸ்டிரக்ட் என்றும், தமிழ்ப் பாடநூல்களில் கட்டுரு என்றும் சொல்லப்படுவது இதற்காகவே இருக்கிறது. ‘பதிவு’ என்று ஒரு கட்டுருவை வரையறுத்து, அதற்குள் பெயர் என்று ஒரு சரத்தையும் (எழுத்துகளின் தொடர்) புள்ளி என்று ஒரு முழு எண்ணையும் வையுங்கள். பிறகு அந்தப் பதிவுகளைக் கொண்ட ஒரே ஒரு வெக்டாரை (தேவைக்கேற்ப நீளும் அணி) வைத்துக்கொள்ளுங்கள். இனி வெக்டாரில் எது நகர்ந்தாலும் முழுப் பதிவாகவே நகரும். பெயரைத் தனியாக விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் நகர்த்த வேண்டுமென்றால் அதற்குத் தனியாக நீங்கள் மெனக்கெட வேண்டியிருக்கும். தவறு செய்வதைக் கடினமாக்குகிற இத்தகைய அமைப்பையே நான் நல்ல அமைப்பு என்று கருதுகிறேன்.

விளையாட்டுகளின் வரலாற்றிலும் பெயரும் புள்ளியும் பிறகுதான் ஒன்றுசேர்ந்தன. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் அதுவரை எடுக்கப்பட்ட உச்சப் புள்ளி திரையின் மேலே தெரியும். அதை எடுத்தவர் யார் என்பது தெரியாது. எக்ஸிடி நிறுவனத்தின் ஸ்டார் ஃபயர், ஆடியவர் தம் முன்னெழுத்துகளைப் பதிய இடம் கொடுத்தது. 1979இல் வந்த அட்டாரியின் ஆஸ்டராய்ட்ஸ், மூன்று எழுத்துப் பெயரோடு பத்து இடங்கள் கொண்ட பட்டியலாக அதை எங்கும் பரப்பியது. தன் பெயர் திரையில் நிற்க வேண்டும் என்பதற்காகவே மீண்டும் மீண்டும் காசு போட்டு ஆடியவர்கள் உண்டு. அந்த வகையில் பட்டியலில் பெயர் என்பது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலங்காரமாக இல்லை. எண்ணுக்குப் பொருள் தருவதே அதுதான்.

இனி வரிசைப்படுத்தலுக்கு வருவோம். நூலகத்தில் இருக்கும் சார்ட் செயற்கூறுக்கு எண்களை அடுக்கத் தெரியும். உங்கள் பதிவுகளில் எது பெரியது என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள் ஓர் ஒப்பீட்டுச் செயற்கூறின் வழியாகச் சொல்ல வேண்டும். பெயரில்லாச் சிறு செயற்கூறான லாம்டாவாக அந்த இடத்திலேயே எழுதிவிடலாம். அது இரண்டு பதிவுகளைப் பெற்று, ‘முதலாவது கட்டாயமாக இரண்டாவதற்கு முன்னால் நிற்க வேண்டுமா?’ என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் தர வேண்டும். இறங்கு வரிசைக்கு, முதலாவதன் புள்ளி இரண்டாவதன் புள்ளியைவிட அதிகமா என்று கேட்டு அந்த விடையைத் திருப்பித் தந்தால் போதும்.

இங்கே ‘அதிகம்’ என்பதற்குப் பதிலாக ‘அதிகம் அல்லது சமம்’ என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. பார்ப்பதற்குக் கேடில்லாதது போலத் தோன்றும் இந்தச் சமக்குறி உண்மையில் ஆபத்தானது. சமமான இரண்டு பதிவுகளை எடுத்து, முதலாவது முன்னால் நிற்க வேண்டுமா என்று கேட்டால் ஆம் என்றும், மாற்றிக் கேட்டால் அதற்கும் ஆம் என்றும் பதில் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று முன்னால் நிற்க முடியாது. சி பிளஸ் பிளஸ் தரநிலை, இப்படி முரண்படும் ஒப்பீட்டோடு சார்ட்டை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் தருவதில்லை. பதிவுகள் குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் நடக்காது; சமப் புள்ளி உள்ள பதிவுகள் இருபது முப்பது சேர்ந்ததும், செயற்கூறு வெக்டாரின் எல்லையைத் தாண்டிப் படித்து நிரல் திடீரென்று விழுந்துவிடக்கூடும். ஜாவாவில் இதே வகை முரண்பாடு, ஒப்பீட்டு முறை தன் ஒப்பந்தத்தை மீறுகிறது என்ற பிழைச்செய்தியாக வெளிப்படலாம். அது ஒரு விதத்தில் நன்மை, ஏனென்றால் எங்கே தேட வேண்டும் என்பதையாவது சொல்கிறது.

சி மொழியின் வரிசைப்படுத்தும் செயற்கூறான க்யூசார்ட் போன்றவற்றில் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக எதிர்மம், பூஜ்யம், நேர்மம் என்று மூவகை விடை தர வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றைக் கழித்து அப்படியே திருப்பித் தருவது பலருடைய வழக்கம். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. ஒரு புறம் மிகப் பெரிய புள்ளியும் மறு புறம் அபராதத்தால் எதிர்மத்துக்குப் போன புள்ளியும் இருந்தால் கழித்தல் அந்த எல்லையைத் தாண்டி, குறி மாறிவிடலாம். கழிக்காமல் ஒப்பிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஒப்பீட்டுச் செயற்கூறு எதுவும் கொடுக்காமல் சார்ட்டை அழைத்தால், எண்களையும் சரங்களாக மாற்றி எழுத்தெழுத்தாக ஒப்பிடும். அப்போது 650 என்பது 4200ஐவிடப் பெரியதாகிவிடும், ஏனென்றால் 6 என்ற எழுத்து 4க்குப் பின்னால் வருகிறது. புள்ளியைக் கோப்பிலிருந்து சரமாகப் படித்து, எண்ணாக மாற்றாமலே வைத்துக்கொண்டால் எந்த மொழியிலும் இதே கதைதான்.

அடுத்தது, பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுகிற, ஆனால் ஆடுகிறவர்கள் உடனே கவனிக்கிற விஷயம்: இருவர் ஒரே புள்ளி எடுத்தால் யார் மேலே? நம் எடுத்துக்காட்டில் அன்வரும் ஜோசப்பும் 9100 எடுத்திருக்கிறார்கள். இதற்கு நிரல் ஒரு விடை தந்தே ஆக வேண்டும்; நீங்கள் தராவிட்டால் வரிசையாக்க முறை தன் போக்கில் ஒன்றைத் தந்துவிடும். முதலில் எடுத்தவர் மேலே நிற்கட்டும், பின்னால் வந்து அதே எண்ணைத் தொட்டவர் அவருக்குக் கீழே நிற்கட்டும் என்பதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே நின்றவரை இடம்பெயர்க்க வேண்டுமானால் அவரை மிஞ்ச வேண்டும். சமன் செய்தால் போதாது.

இதை நடைமுறைப்படுத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நிலைத்த வரிசையாக்கத்தைப் பயன்படுத்துவது. அதாவது, ஒப்பீட்டில் சமமாக இருப்பவை முன்பு எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் விடப்படும் என்று உறுதி தருகிற முறை. சி பிளஸ் பிளஸில் சாதாரண சார்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. ஸ்டேபிள் சார்ட்டுக்கு உண்டு. பைத்தானின் வரிசையாக்கம் நிலைத்தது. 2002இல் டிம் பீட்டர்ஸ் அதற்காக உருவாக்கிய டிம்சார்ட் முறையைப் பிறகு ஜாவாவும் ஏற்றுக்கொண்டது. சி ஷார்ப்பில் லிஸ்ட்டின் சார்ட் நிலைத்ததன்று. ஆர்டர் பை டிசெண்டிங் நிலைத்தது. குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் 2018 வரை ஒரு விசித்திரம் இருந்தது: பத்து உறுப்புகள் வரை உள்ள அணிகளை நிலைத்த முறையாலும், அதற்கு மேற்பட்டவற்றை நிலையற்ற முறையாலும் அடுக்கியது. புள்ளிப் பட்டியலில் வழக்கமாக இருப்பது பத்து இடங்கள் அல்லவா? பத்துப் பேரோடு சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். பதினோராவது பதிவைச் சேர்த்து அடுக்கியபோது சமப் புள்ளிக்காரர்கள் காரணமில்லாமல் இடம் மாறியிருப்பார்கள்.

இரண்டாவது வழி, நான் விரும்புவது: வரிசையாக்க முறையை நம்பாமல் விதியைப் பதிவிலேயே எழுதிவிடுவது. கட்டுருவில் ‘வரிசை எண்’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து, ஒவ்வோர் ஆட்டம் முடியும்போதும் அதை ஒன்று கூட்டி இடுங்கள். ஒப்பீட்டுச் செயற்கூறு முதலில் புள்ளிகளைப் பார்க்கட்டும். அவை வேறுபட்டால் அதிகமானது முன்னால். சமமானால் வரிசை எண்ணைப் பார்க்கட்டும்; குறைந்தது முன்னால். இப்போது எந்த இரண்டு பதிவுகளும் முழுச் சமமாக இருக்கவே முடியாது, ஆகவே எந்தக் கணினியில், எந்த முறையில் அடுக்கினாலும் ஒரே பட்டியல்தான் வரும். கடிகார நேரத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் ஆடுகிறவர் கணினியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவைக்க முடியும் என்பதால் எண்ணிக்கையே மேல்.

சமப் புள்ளிக்கு அகரவரிசையை விதியாக வைப்பதை நான் ஏற்கவில்லை. பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதற்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. தமிழ்ப் பெயர்கள் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் ன என்ற எழுத்து ந என்பதற்கு அடுத்தும், ற என்பது ர என்பதற்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன, நம் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன என்று அவை கடைசியில் வருகின்றன. சரங்களை நேரடியாக ஒப்பிட்டால் நாம் அறிந்த அகரவரிசை கிடைக்காது. பைத்தானில் புள்ளியையும் பெயரையும் டியூப்பிள் என்ற ஒரே தொகுப்பாகச் சேர்த்து ரிவர்ஸ் (தலைகீழ்) என்று சொல்லி அடுக்குபவர்களுக்கு, கேட்காமலேயே சமப் புள்ளிக்காரர்களின் பெயர்கள் பின்னிருந்து முன்னாக அடுக்கப்பட்டிருக்கும். இட எண்ணை அச்சிடும்போதும் முடிவு தேவை: இருவர் இரண்டாமிடம் என்றால் அடுத்தவர் நான்காமிடமா, மூன்றாமிடமா? விளையாட்டுப் போட்டிகளில் பழக்கமானது 1, 2, 2, 4 என்பதுதான்.

ஒரு திறவுகோலோடு ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் மேப் அல்லது அகராதி அமைப்பைப் பயன்படுத்தச் சொல்லி உங்களுக்கு யாராவது யோசனை தரக்கூடும். சி பிளஸ் பிளஸின் மேப்பில் புள்ளியைத் திறவுகோலாக வைத்தால் அது தானாகவே வரிசையாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்புதான், ஆகவே ஜோசப் உள்ளே வந்ததும் அன்வர் அழிந்துபோவார், அல்லது ஜோசப் உள்ளே வரவே மாட்டார். பெயரைத் திறவுகோலாக வைத்தால் கயல் இரண்டு முறை ஆடினாலும் ஓர் ஆட்டம்தான் நிற்கும். ஒருவருக்கு ஒரே இடம் என்பது உங்கள் விதியாக இருந்தால் அது பொருந்தும், அப்போதும் பழைய புள்ளியைவிடப் புதியது அதிகமாக இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து இடங்கள் கொண்ட பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுதாக வரிசைப்படுத்தத் தேவையே இல்லை. அது ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது. புதிதாக வருவது ஒரே ஒரு பதிவு. பட்டியல் நிறைந்திருந்து, புதிய புள்ளி கடைசி இடத்தைவிட அதிகமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், பெயர் கேட்கவே வேண்டாம். அதிகம் என்றால், கீழிருந்து மேலாக ஒவ்வொரு பதிவாகப் பார்த்து, புதிய புள்ளியைவிடக் குறைவாக உள்ளவற்றை ஒவ்வோர் இடம் கீழே தள்ளிக்கொண்டு போய், குறையாத பதிவு ஒன்றைக் கண்டதும் நின்று, அதற்குக் கீழே புதியதை வையுங்கள். சமமானவர்களைத் தள்ளாததால் முன்னவருக்கு முன்னுரிமை என்ற விதியும் இதில் தானாகவே காக்கப்படுகிறது. பதினோராவதாகக் கீழே விழுவதை நீக்கிவிடலாம்.

புள்ளிக்கு எந்த வகை மாறியை ஒதுக்குகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஆஸ்டராய்ட்ஸ் ஆட்டத்தில் 99,990ஐத் தாண்டினால் புள்ளி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். மிகச் சிறந்த ஆட்டக்காரரின் எண் சிறுத்துப்போகும். 16 பிட் முழு எண்ணை வைத்தால் உங்கள் எல்லை 32,767தான். கார்ப் பந்தயம் போலக் குறைந்த நேரமே வெற்றி என்ற ஆட்டமாக இருந்தால், வரிசையைத் திருப்புவதோடு, காலியான இடங்களில் பூஜ்யத்தை இட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். யாரும் ஓடாத பூஜ்ய வினாடி முதலிடத்தில் நிற்கும்.

கோப்பில் சேமிக்கும்போது பெயருக்கு ஒரு கோப்பு, புள்ளிக்கு ஒரு கோப்பு என்று மீண்டும் பிரித்துவிடாதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு வரி. அந்த வரியில் புள்ளியும் வரிசை எண்ணும் முதலிலும் பெயர் கடைசியிலும் இருக்கட்டும். பெயரை முதலில் வைத்து, வழக்கமான உள்ளீட்டுக் குறியால் (>>) படித்தால், ‘அன்பு செல்வன்’ என்ற பெயரில் இடைவெளி வந்ததும் ‘அன்பு’ மட்டும் பெயராகும், அடுத்து எண் வர வேண்டிய இடத்தில் ‘செல்வன்’ நிற்கும், அங்கிருந்து கோப்பைப் படிப்பதே நின்றுவிடும். எண்களைப் படித்துவிட்டு, வரியின் மிச்சத்தை, வரி முடிவு வரை படிக்கும் கெட்லைன் கொண்டு பெயராக எடுத்துக்கொள்ளுங்கள்; முன்னால் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளியை நீக்க மறக்க வேண்டாம்.

தமிழில் பெயர் பதிய இடம் தருவீர்களானால் பெயரின் நீளத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘மீனாட்சி’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். சி பிளஸ் பிளஸ் சரம் தன் நீளம் 24 என்றுதான் சொல்லும். பத்து பைட்டில் வெட்டினால் பெயர் பாதி எழுத்தில் அறுந்து, திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். நெடுவரிசைகளை ஒழுங்காக நிறுத்தவும் இந்த நீளத்தை நம்ப முடியாது. ஆகவே எண்களை இடப்புறமும் பெயரை வலப்புறமும் அச்சிடுவது எளிய வழி.

பிற்பாடு இணையத்தில் பலர் ஆடும் ஆட்டமாக வளர்த்தால் தரவுத்தளத்திடமே இந்த வேலையை விட்டுவிடலாம். தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் வினவலில் புள்ளி இறங்கு வரிசை, பிறகு நேரம் ஏறு வரிசை என்று ஆர்டர் பை பகுதியில் இரண்டையும் சொல்லிவிடுங்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் வரிசைக் கணங்கள் இதற்கென்றே பெயர்பெற்றவை, ஆனால் அங்கே சமப் புள்ளிக்காரர்கள் பெயரின் பைட் வரிசையில் அடுக்கப்படுகிறார்கள். முன்னவருக்கு முன்னுரிமை வேண்டுமானால், புள்ளியை ஆயிரம் கோடியால் பெருக்கி, அதோடு 9,999,999,999இலிருந்து வினாடிக் கணக்கைக் கழித்து வருவதைக் கூட்டி, ஒரே எண்ணாகக் கொடுக்கும் உத்தி உண்டு. அங்கே எண்கள் 9,007,199,254,740,992 வரைதான் துல்லியமாக நிற்கும் என்பதால், புள்ளிகள் 9 லட்சத்துக்குள் இருக்கும் ஆட்டங்களுக்கே அது பொருந்தும்.

மாற்றி எழுதியதும் இந்த ஐந்து பதிவுகளை இதே வரிசையில் உள்ளே விட்டுப் பாருங்கள்: கயல் 4200, அன்வர் 9100, அன்பு செல்வன் 650, ஜோசப் 9100, மீண்டும் கயல் 10000. பட்டியல் கயல் 10000, அன்வர் 9100, ஜோசப் 9100, கயல் 4200, அன்பு செல்வன் 650 என்று வர வேண்டும்; இடங்கள் 1, 2, 2, 4, 5. 10000 கடைசியில் நின்றால் புள்ளி இன்னும் சரமாகவே ஒப்பிடப்படுகிறது. கயல் ஒரு முறைதான் வந்தால் எங்கோ பெயர் திறவுகோலாகியிருக்கிறது. பிறகு நிரலை மூடித் திறந்து அதே பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். இறுதியாக, ஒரே புள்ளியுடன் முப்பது பதிவுகளைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள், ஒப்பீட்டில் சமக்குறி ஒளிந்திருந்தால் பெரும்பாலும் அங்கே பிடிபட்டுவிடும்.